சாரணர் படையில் சேரும் புதிய மாணவர்கள் பாதியில் விலகாமலிருக்க என்ன செய்யலாம்?

குன்னூர்ப் பக்கத்துப் பள்ளியொன்றில், ஜூனில் சேரும் புதிய சாரணர்கள் சில வாரங்களிலேயே நின்றுவிடுவதாகக் கேட்டிருக்கிறீர்கள். புதியவர்களைத் தனி வரிசையில் நிறுத்திப் பயிற்சி அளிப்பதே அவர்களை அந்நியராக்குகிறது என்பது என் கருத்து. 6 முதல் 8 பேர் கொண்ட சிறு குழுக்களாக இயங்கும் அணிமுறை புதியவர்கள் மற்றவரோடு கலந்து பழக உதவும் என்பதால், முதல் நாளே அணிக்கு ஒருவர் இருவராகச் சேர்த்துவிடுங்கள்.

சாரணர் பயிற்சியின் தொடக்கக் கட்டமான பிரவேஷ் நிலைக்குரிய உறுதிமொழியும், சாரணர் வழக்கப்படி இடக்கையால் கைகுலுக்குவதும் எளிதில் வந்துவிடும். இந்தி மொழியிலுள்ள இறைவணக்கப் பாடலும் கொடிப் பாடலும்தான், வீட்டில் படுகமோ தமிழோ பேசும் பிள்ளைகளைத் தயங்க வைக்கின்றன. பொருளைத் தமிழில் விளக்கி, அணித்தலைவரோடு சேர்ந்தே பாடவிடுங்கள். தனியே நிறுத்திப் பாடச் சொல்ல வேண்டாம். இரு கயிற்று முனைகளை இணைக்கும் ரீஃப் முடிச்சைச் சென்ற ஆண்டு சேர்ந்த மாணவரே கற்றுத் தரட்டும். அவர் எதிரே அமராமல் பக்கத்தில் அமர்வது நல்லது; எதிரே அமர்ந்தால் இடமும் வலமும் மாறித் தெரிந்து, கயிறு தவறான முடிச்சாக விழும்.

எஸ்டேட் பிள்ளைகள் கூட்டத்தின் நடுவே எழுந்து போவதை ஆர்வக் குறைவாகக் கொள்ளாதீர்கள். பெரும்பாலும் கடைசிப் பேருந்துதான் காரணம், ஆகவே நேரத்தை அதற்கேற்ப முன்னதாக வையுங்கள். உறுதிமொழி ஏற்பு விழாவுக்குப் பெற்றோரையும் அழையுங்கள். அதை வேலை நாளில் வைத்தால் கொழுந்து பறிக்கும் தாய்மார்கள் வர இயலாது, ஞாயிற்றுக்கிழமையே பொருத்தம்.