செல் குறைவான பாப் ஸ்லைடு: ‘நெகட்டிவ்’ போடலாமா?

கேள்வி: சைட்டாலஜி (செல் ஆய்வு) ஆய்வகத்தில் பயிற்சியில் இருக்கிறேன். எல்பிசி முறையில் (செல்களைத் திரவத்தில் எடுத்து, ஸ்லைடில் வட்டமாகப் படிய வைப்பது) தயாரித்த ஒரு கருப்பைவாய் ஸ்லைடில், அதாவது புற்றுநோய் அறிகுறி தேடும் பாப் ஸ்லைடில், செல்கள் குறைவு. எண்டோசெர்விகல் (கருப்பைவாயின் உட்குழாய்) செல்களே இல்லை. இருப்பவை இயல்பாகத்தான் தெரிகின்றன. ‘நெகட்டிவ்’ என்று ரிப்போர்ட் கொடுக்கலாமா?

பதில்: எண்டோசெர்விகல் செல் இல்லாததற்காக மட்டும் மாதிரியைத் தள்ளக் கூடாது. அது இல்லை என்று ரிப்போர்ட்டில் குறிப்பிட்டால் போதும். முடிவைத் தீர்மானிப்பது ஸ்குவாமஸ் செல்களின் (கருப்பைவாயின் வெளிப்பரப்பில் உள்ள தட்டையான செல்கள்) எண்ணிக்கை. பாப் ரிப்போர்ட் எழுதப் பின்பற்றும் பெதஸ்டா முறைப்படி எல்பிசிக்குக் குறைந்தது 5,000; செல்களை நேராக ஸ்லைடில் தேய்க்கும் பழைய ஸ்மியருக்கு 8,000 முதல் 12,000.

கண் மதிப்பை நம்பாதீர்கள், எண்ணிப் பாருங்கள். 40எக்ஸ் லென்ஸில், செல்கள் படிந்த வட்டத்தின் நடுவைத் தொட்டுச் செல்லும் நேர்கோட்டில் 10 புலங்களில் (ஒரு பார்வையில் தெரியும் பரப்பு ஒரு புலம்) செல்களை எண்ணிச் சராசரி எடுங்கள். காலியிடங்கள் இருந்தால் அவற்றையும் அதே விகிதத்தில் சேர்க்க வேண்டும். அடர்த்தியான இடமாகத் தேடிப்போய் எண்ணுவது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வதுதான். கண்லென்ஸின் புல எண் (அதில் தெரியும் வட்டத்தின் விட்டம், மி.மீ.-இல்) 22 என்றால், 20 மி.மீ. வட்டத்தில் புலத்துக்குச் சுமார் 4 செல்கள் போதும். 13 மி.மீ. வட்டத்தில் 9 வேண்டும். ஒரே சராசரி ஒரு ஸ்லைடில் தேறும், இன்னொன்றில் தேறாது.

மாதவிடாய் நின்று செல்கள் மெலிந்தவர்கள், கதிர்சிகிச்சை பெற்றவர்கள் போன்றோருக்குச் சற்றுக் குறைந்தாலும் ஏற்கலாம். அதை ஆய்வகம் முடிவு செய்யும். ஆனால் 2,000-க்கும் கீழே போனால் பெரும்பாலும் போதாது என்றே கொள்ள வேண்டும்.

எண்ணிக்கை தேறவில்லை என்றவுடன் ஸ்லைடை மூடிவிடாதீர்கள். முழுவதையும் 10எக்ஸில் பாருங்கள். சந்தேகத்துக்குரிய செல் ஒன்று கிடைத்தாலும், எண்ணிக்கை எதுவாக இருந்தாலும், அந்த மாதிரி போதுமானதுதான். பார்த்ததை ரிப்போர்ட் செய்ய வேண்டும். எச்எஸ்ஐஎல் (புற்றுநோய்க்கு முந்தைய தீவிர மாற்றம்) செல்கள் சிறியவை, பல நேரம் தனித்தனியாகச் சிதறிக் கிடக்கும். மெட்டாபிளாசியா செல் (ஒரு வகையிலிருந்து இன்னொரு வகைக்கு இயல்பாக மாறிவரும் செல்) என்று தாண்டிப் போவது சுலபம். சைட்டோபிளாசம் (கருவைச் சுற்றியுள்ள பகுதி) குறைந்து, கரு கருத்து, அதன் விளிம்பு மடிந்தோ கோணலாகவோ இருந்தால் 40எக்ஸில் நின்று பாருங்கள். ஐயம் தீரவில்லையா? ஸ்லைடில் அந்த இடத்தில் புள்ளி வைத்து மூத்தவரிடம் காட்டுங்கள்.

ஒன்றும் இல்லை, எண்ணிக்கையும் போதவில்லை என்றால் ‘மதிப்பிடப் போதாத மாதிரி’ என்றே எழுதுங்கள். ‘நெகட்டிவ், செல்கள் குறைவு’ என்று இரண்டுக்கும் நடுவில் எழுதும் வழக்கம் எனக்குப் பிடிக்காது. படிப்பவர் கண்ணில் முதல் சொல் மட்டும்தான் படும். காரணத்தையும் சேருங்கள்: செல் குறைவு, அல்லது ரத்தமோ அழற்சியோ 75 சதவீதத்துக்கு மேல் மறைத்தது. டிரைக்கோமோனாஸ் (தொற்று உண்டாக்கும் ஒட்டுண்ணி) போல ஏதாவது தெரிந்திருந்தால் அதையும் எழுதலாம். வழக்கமாக 2 முதல் 4 மாதத்துக்குள் மறுமாதிரி எடுக்கச் சொல்வார்கள்.