என்னை நானே உருவாக்கிக்கொள்ள முடியுமா? கேள்வி பதில்

(பெண்ணியத் தத்துவம் பற்றி வந்த கேள்விகளுக்கு, சேலத்தில் தத்துவம் கற்பிக்கும் ஆசிரியை ஒருவர் பதில் சொல்கிறார்.)

சிவதாபுரத்திலிருந்து ஒரு சகோதரி: பத்தாவதோட படிப்பை நிறுத்திட்டாங்க டீச்சர். இப்ப வீட்டுல கொலுசுக்குச் சலங்கை வெக்கிறேன். ‘உன்னை நீயே உருவாக்கிக்கோ’ன்னு பேசறதெல்லாம் படிச்சவங்களுக்குத்தானுங்களே?

இல்லைங்க. பிரெஞ்சுத் தத்துவவாதி சிமோன் தி பொவார் 1949இல் எழுதிய ‘இரண்டாம் பாலினம்’ நூலிலிருந்து, யாரும் பெண்ணாகப் பிறப்பதில்லை, பெண்ணாக ஆகிறார்கள் என்ற கருத்தைத்தான் எல்லோரும் எடுத்துச் சொல்வார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது முன்னுரையில் அவர் பிரித்துக் காட்டும் ஒன்று. வளராமல் தேங்கிப்போக ஒருவர் தானே உடன்பட்டால் அது அவருடைய அறத் தவறு. அடுத்தவர் திணித்தால் அது ஒடுக்குமுறை. உங்கள் படிப்பு நின்றது இரண்டாவது வகை. அதற்காக நீங்கள் தலைகுனிய வேண்டியதே இல்லை. ‘மனசு வெச்சா முடியும்’ என்று மேடையில் முழங்குகிறவர்கள் இந்த வித்தியாசத்தை மறைத்துவிடுகிறார்கள். அதில் எனக்குக் கோபம் உண்டு.

சரி, இன்றைக்கு உங்கள் கையில் என்ன இருக்கிறது? வெள்ளியை எடை போட்டுக் கொடுக்கிறார்கள், முடித்த கொலுசை எடை போட்டு வாங்குகிறார்கள், கூலியை நோட்டில் எழுதுகிறார்கள். அந்த நோட்டில் யார் பெயர் இருக்கிறது? பற்றவைக்கும் புகை உங்கள் கண்ணிலும், கூலி உங்கள் வீட்டுக்காரர் பெயரிலும் போனால், முதலில் அதை மாற்றுங்கள். உங்கள் பெயரை எழுதச் சொல்லுங்கள், பணம் உங்கள் வங்கிக் கணக்குக்கு வரட்டும்.

இதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். பெண்ணுக்கும் சம சொத்துரிமை வேண்டும் என்று 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது. இந்துக் குடும்பப் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்தது 1989இல்தான். அப்போதும், அதற்கு முன்பே கல்யாணம் ஆனவர்களை விட்டுவிட்டார்கள். தன் பெயரில் ஒன்றுமில்லாத பெண்ணின் பேச்சு வீட்டில் எடுபடாது என்பது அந்த மாநாட்டுக்காரர்களுக்கு அன்றைக்கே தெரிந்திருந்தது.

அஸ்தம்பட்டி மாணவி: எம்.ஏ. படிக்க வெளியூர் போகணும் மேடம். ‘உன்னைப் பத்தி மட்டுமே நினைக்கிறியே’ன்னு அம்மா அழறாங்க. இது சுயநலமா?

சுயநலம் இல்லம்மா. கரோல் கில்லிகன் என்ற அமெரிக்க உளவியலாளர் பெண்களிடம் பேசி 1982இல் எழுதிய நூலில் இதே தவிப்பு இருக்கிறது. நல்லவள் என்றால் தன்னை விட்டுக்கொடுப்பவள் என்று நம்பி வளர்ந்தவர்கள், அக்கறை காட்ட வேண்டியவர்களின் வரிசையில் தானும் ஒருத்தி என்று மெல்லப் புரிந்துகொள்கிறார்கள். உங்கள் அம்மாவை அந்த வரிசையில் யாரும் சேர்த்திருக்க மாட்டார்கள். அவர் அழுவதில் அந்த வலியும் கலந்திருக்கலாம். ‘நீ என்ன படிக்க ஆசைப்பட்டே?’ என்று ஒரு நாள் கேளுங்கள். விண்ணப்பத்தை மட்டும் தள்ளிப்போட வேண்டாம்.

ஏற்காட்டிலிருந்து ஒரு நண்பர்: என் மனைவி அவங்க இஷ்டப்பட்டுத்தான் வேலையை விட்டாங்க. நான் ஒரு வார்த்தை சொல்லல. அவங்க முடிவை மதிக்கிறதுதானே பெண்ணியம்?

மதிப்பது சரிதான் தம்பி. ஆனால் கிடைக்காது என்று தெரிந்ததை மனம் ஆசைப்படாமலே பழகிக்கொள்ளும் என்று பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென்னும் அமெரிக்கத் தத்துவவாதி மார்த்தா நுஸ்பாமும் விரிவாக எழுதியிருக்கிறார்கள். அதற்காக ‘அவளுக்குத் தன் மனசே தெரியலை’ என்று சொல்ல உங்களுக்கோ எனக்கோ உரிமை இல்லை. அவர் மனசை ஆராய்வதை விட்டுவிட்டு, அவருக்கு வேறு என்ன வழி இருந்தது என்று பாருங்கள். குழந்தையை யார் பார்த்துக்கொள்வது என்ற பேச்சு வந்தபோது, நீங்கள் வேலையை விடுவதைப் பற்றி யாராவது ஒரு நிமிடம் பேசினார்களா? நாளைக்கே அவர் மறுபடி வேலைக்குப் போகிறேன் என்றால் சமையலும் பள்ளிக்கூட வேனும் யார் பொறுப்பு? நீங்கள் ஒரு வார்த்தைகூடச் சொல்லாததே அவர் விட்டதற்குக் காரணமாக இருந்திருக்கலாம். இன்று ராத்திரி பேசிப் பாருங்கள்.

பார்லருக்குப் போனா, நகை போட்டா பெண்ணியத்துக்கு விரோதமா?

இல்லை. போட்டே ஆக வேண்டும் என்று யாராவது சொன்னால் மட்டும் சண்டை போடுங்கள்.

ஃபேர்லேண்ட்ஸ் வாசகி: நான் வங்கி அதிகாரி. எங்க வீட்டுல வேலை செய்யற அக்கா இல்லேன்னா என்னால இந்த இடத்துக்கு வந்திருக்கவே முடியாது. இது மனசை உறுத்துது.

உறுத்த வேண்டிய இடம்தான். வந்த கேள்விகளில் நான் அதிகம் யோசித்தது இதற்குத்தான். வீட்டுக்குள் முடங்கிய படித்த பெண்களின் ஏக்கத்தை அமெரிக்கப் பெண்ணியவாதி பெட்டி ஃப்ரீடன் 1963இல் எழுதினார். 1984இல் கறுப்பினப் பெண்ணியவாதி பெல் ஹூக்ஸ் தன் நூலில் அவரை நோக்கிக் கேட்டார்: நீங்கள் எல்லாம் வெளியே வந்த பிறகு உங்கள் வீட்டையும் பிள்ளைகளையும் பார்க்க யாரைக் கூப்பிடுவீர்கள்? கறுப்பினப் பெண்களும் ஏழைப் பெண்களும் காலங்காலமாக வெளி வேலைதான் பார்த்து வந்தார்கள். அவர்களுக்கு அது விடுதலையாக இருக்கவில்லை.

வேலையை விடச் சொல்லி நான் உங்களிடம் கேட்கவில்லை. தன்னை உருவாக்கிக்கொள்ளும் எவரும், அதற்கான விலையை யார் கொடுக்கிறார்கள் என்று பார்த்தே ஆக வேண்டும். முதலில் உங்கள் வீட்டு ஆண்கள் தட்டைக் கழுவட்டும். அந்த அக்காவுக்கு வாரம் ஒரு நாள் சம்பளம் பிடிக்காத லீவு கொடுங்கள். காய்ச்சலில் படுத்த நாளுக்கும் பிடிக்காதீர்கள். வருஷா வருஷம் அவர் கேட்பதற்கு முன்பே சம்பளத்தை உயர்த்துங்கள். அவர் மகள் மேலே படிக்க வேண்டும் என்றால், கல்விக் கடன் விண்ணப்பத்தை நிரப்ப உங்களைவிடத் தெரிந்தவர் அந்தத் தெருவில் இருக்க மாட்டார்.