என் பெயரிலுள்ள சீதனக் காணியை விற்கக் கணவரின் கையெழுத்து எதற்கு?

கேள்வி: கோண்டாவிலில் எனக்கு 4 பரப்புக் காணி இருக்கிறது. 2008இல் கல்யாணத்தின்போது பெற்றோர் சீதன உறுதி எழுதித் தந்தது. கணவரும் யாழ்ப்பாணத்தவர்தான். சில வருடங்களாகக் கனடாவில் இருக்கிறார், இப்போது பேச்சும் குறைந்துவிட்டது. மகளின் படிப்புக்காக 2 பரப்பை விற்கப் போனேன். கணவரின் சம்மதம் இல்லாமல் உறுதி எழுத முடியாது என்கிறார் நொத்தாரிசு. மட்டக்களப்பில் வாழ்க்கைப்பட்ட என் தங்கைக்கு இப்படி ஒரு கட்டுப்பாடும் இல்லையாம். இது என்ன நியாயம்? நான் என்ன செய்யலாம்?

பதில்: நொத்தாரிசு சொன்னது சட்டப்படி சரி. உங்கள் கோபமும் சரியே. முதலில் சட்டம் எங்கே நிற்கிறது என்று பார்த்துவிட்டு வழிக்கு வருவோம்.

இலங்கையில் கண்டியச் சிங்களவருக்குக் கண்டியச் சட்டம், முஸ்லிம்களுக்கு முஸ்லிம் சட்டம், யாழ்ப்பாணத் தமிழருக்குத் தேசவழமை என்று தனித்தனிச் சட்டங்கள் உண்டு. மற்றவர்களுக்குப் பொதுச் சட்டம். தமிழர் என்பதால் மட்டும் ஒருவர் தேசவழமைக்குள் வந்துவிடமாட்டார். அது ஓர் இடத்து வழமை, இனம் முழுவதற்குமான சட்டம் அன்று என்று உயர் நீதிமன்றம் 1913இலேயே சொல்லிவிட்டது. வடக்கை நிரந்தர வதிவிடமாகக் கொண்ட தமிழருக்கே அது பொருந்தும். மட்டக்களப்புத் தமிழருக்கும் மலையகத் தமிழருக்கும் பொருந்தாது.

கல்யாணமான பெண் எந்தச் சட்டத்தின் கீழ் வருகிறார் என்பதைக் கணவரை வைத்தே முடிவு செய்கிறார்கள். யாழ்ப்பாண விவாக உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம் என்ற 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டத்தின் 3ஆம் பிரிவு இப்படி வகுத்திருக்கிறது: தேசவழமைக்குட்பட்ட பெண் அதற்கு உட்படாத ஆணைக் கட்டினால், அந்தக் கல்யாணம் நிலைக்கும்வரை தேசவழமை அவரைக் கட்டாது. உங்கள் தங்கை விடுபட்டது இப்படித்தான். இதன் மறுபக்கத்தையும் பலர் கவனிப்பதில்லை. கொழும்பிலோ மலையகத்திலோ பிறந்த பெண் யாழ்ப்பாணத்தவர் ஒருவரைக் கட்டினால், அதுவரை தொடாத கட்டுப்பாடு கல்யாணத்தோடு அவரைத் தொட்டுவிடும். அவருடைய காணி வடக்கில்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை, எங்கே இருந்தாலும் பொருந்தும்.

அதே சட்டத்தின் 6ஆம் பிரிவுதான் உங்களைத் தடுக்கிறது. சீதனம், முதுசம் (முன்னோர் வழி வந்த சொத்து) எல்லாம் பெண்ணின் தனிச்சொத்து, கணவரின் கடனுக்கு அது பொறுப்பாகாது என்று அந்தப் பிரிவு தொடங்குகிறது. அசையும் சொத்தை, அதாவது நகை, பணம் போன்றவற்றை, கணவரைக் கேட்காமலே கொடுக்கலாம், விற்கலாம். அசையாச் சொத்து என்றால் கணவரின் எழுத்துச் சம்மதம் கட்டாயம். விற்பனைக்கு மட்டுமன்றி ஈடு வைக்கவும் நன்கொடை எழுதவும் அது வேண்டும். கணவர் தன் தனிச்சொத்தை விற்க உங்களிடம் எதுவும் கேட்க வேண்டியதில்லை.

இதை 'நம்முடைய பழைய மரபு' என்று சொல்பவர்களிடம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒல்லாந்தர் காலத்தில், 1707இல், யாழ்ப்பாணத் திசாவையாக (ஆட்சி அதிகாரியாக) இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் வழமைகளைத் தொகுத்தார். பன்னிரண்டு முதலியார்கள் (உள்ளூர்த் தலைமைக்காரர்) அதைச் சரிபார்த்தார்கள். பிரித்தானியர் 1806இல் அதற்குச் சட்ட வலு கொடுத்தார்கள். மனைவி கணவனின் சொல்லுக்குக் கட்டுப்பட்டவள் என்ற நோக்கு அந்தத் தொகுப்பிலும் இருக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் உங்களைத் தடுக்கும் வாசகம் அங்கிருந்து வரவில்லை. ஆங்கில ஆட்சி 1876இல் பொதுச் சட்டத்துப் பெண்களுக்காக எழுதிய 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தில் ஏறக்குறைய இதே சொற்கள் இருந்தன. 1911இல் அதையே யாழ்ப்பாணத்தவருக்கும் எழுதினார்கள். 1923இல் வந்த மணமான பெண்கள் ஆதனக் கட்டளைச் சட்டம் மற்றப் பெண்களை இந்தத் தளையிலிருந்து விடுவித்தது. தேசவழமைக்குட்பட்ட தமிழ்ப் பெண்களை அது விலக்கி வைத்தது. ஆட்சியாளர் மற்றவர்களிடமிருந்து எடுத்துவிட்ட ஒரு கட்டு யாழ்ப்பாணப் பெண்ணின் கையில் மட்டும் மரபு என்ற பெயரில் ஒரு நூற்றாண்டாகக் கிடக்கிறது. இதை அரசியலமைப்பின் சமத்துவ உறுப்புரையைக் காட்டி நீதிமன்றத்தில் விழுத்தவும் முடியாது. பழைய சட்டங்கள் அடிப்படை உரிமைகளோடு முரண்பட்டாலும் செல்லும் என்கிறது 16(1)ஆம் உறுப்புரை. பாராளுமன்றம் திருத்தினால்தான் உண்டு.

இனி உங்கள் காரியம். இரண்டு வழிகள் இருக்கின்றன.

கணவர் இணங்குவார் என்ற நம்பிக்கை கொஞ்சமாவது இருந்தால் முதலில் அதையே பாருங்கள், செலவும் அலைச்சலும் குறைவு. உரிமம் பெற்ற நில அளவையாளரைக் கொண்டு 2 பரப்பை, அதாவது 20 பேர்ச்சை, தனித் துண்டாகப் பிரித்து வரைபடம் எடுங்கள். அதற்குப் பிரதேச சபையின் அனுமதியும் வாங்குங்கள். அதன் பிறகே சம்மதப் பத்திரத்தை எழுத வேண்டும். அவசரத்தில் முதலில் சம்மதத்தை வாங்கிவிட்டு பின்னர் காணியைப் பிரிப்பதால் வரும் சிக்கல் அதிகம். சம்மதத்தில் 4 பரப்பு என்றும் உறுதியில் வரைபடத்துத் துண்டு என்றும் இருந்தால், வாங்குபவரின் சட்டத்தரணி திருப்பி அனுப்பிவிடுவார்.

கணவர் கனடாவில் தான் இருக்கும் இடத்துக்கு அருகிலுள்ள இலங்கைத் தூதரகத்தில் அல்லது துணைத் தூதரகத்தில் அற்றோனித் தத்துவம் (தன் சார்பில் செயற்பட இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கும் பத்திரம்) ஒன்றில் கையெழுத்திட்டு அனுப்பலாம். 'என் சொத்துக்களை விற்க' என்ற வழக்கமான படிவம் இதற்கு உதவாது, ஏனென்றால் இது அவருடைய சொத்து அல்ல. 'என் மனைவி தன் தனிச்சொத்தான, கீழே அட்டவணையில் விவரிக்கப்பட்ட காணியை விற்பதற்கு 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி என் சம்மதத்தைத் தெரிவித்து உறுதியில் கையொப்பமிட' என்று தெளிவாக இருக்க வேண்டும். எல்லைகள், வரைபட இலக்கம், துண்டு இலக்கம் எல்லாம் அட்டவணையில் வரட்டும். அதிகாரத்தை உங்கள் பெயருக்கே வாங்காதீர்கள். உங்களுக்கு நீங்களே சம்மதம் கொடுத்ததாக ஆகிவிடும். அவருடைய சகோதரரோ நம்பிக்கையான வேறொருவரோ இருக்கட்டும். அந்தப் பத்திரத்தை இங்கே பதிந்த பிறகு, அதிகாரம் பெற்றவர் உறுதியில் ஒரு தரப்பாகச் சேர்ந்து கையெழுத்திடுவார். சட்டம் 'எழுத்து' என்று மட்டுமே கேட்கிறது, அப்படியானால் வட்ஸ்அப்பில் வந்த 'சரி' போதாதா என்று கேட்கிறார்கள். அதை நம்பி வங்கி கடன் கொடுக்காது, நாளை வாங்குபவராலும் விற்க முடியாது.

கணவர் மறுத்தால் அல்லது பதிலே இல்லாவிட்டால் அதே 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் 8ஆம் பிரிவு இருக்கிறது. சம்மதம் இல்லாமலே விற்க மாவட்ட நீதிமன்றம் அனுமதிக்கலாம். சட்டப்படி பிரிந்திருத்தல், கைவிட்டுப் போதல், இருவரும் இணங்கிப் பிரிதல், இரண்டு வருடத்துக்கு மேற்பட்ட சிறைத்தண்டனை, சித்த சுவாதீனமின்மை, இருப்பிடம் தெரியாமை, நியாயமின்றிச் சம்மதத்தை மறுத்தல், மனைவியின் அல்லது பிள்ளைகளின் நலன் ஆகியவை காரணங்கள். உங்களுக்கு வலுவானது கடைசிக் காரணம். மகளுக்குப் படிக்க இடம் கிடைத்த கடிதம், கட்டண விவரம், கணவரிடமிருந்து பணம் வருவது நின்றிருந்தால் அதைக் காட்டும் வங்கிக் கூற்று, சம்மதம் கேட்டு நீங்கள் அனுப்பிய பதிவுத் தபாலின் பற்றுச்சீட்டு, விவாகச் சான்றிதழ், சீதன உறுதி, காணிப் பதிவகத்திலிருந்து எடுத்த பதிவேட்டுப் பிரதி, வரைபடம் ஆகியவற்றைச் சத்தியக் கடதாசியோடு இணைத்து சட்டத்தரணி மூலம் மனுப் போடுங்கள். கணவர் எதிர்மனுதாரர். அவருடைய கனடா முகவரி தெரிந்திருந்தும் 'இருப்பிடம் தெரியாது' என்று எழுத யாராவது ஆலோசனை சொன்னால் கேட்காதீர்கள். அவர் பின்னர் வந்து கட்டளையை நீக்கக் கேட்கலாம், பொய்ச் சத்தியக் கடதாசியும் உங்கள் தலையில் விழும். கட்டளை கிடைத்ததும் அத்தாட்சிப்படுத்திய பிரதி எடுத்து, வழக்கிலக்கத்தை உறுதியிலேயே குறிப்பிடச் சொல்லுங்கள்.

குறுக்குவழிகளும் சொல்வார்கள். 'கல்யாணமாகாதவர்' என்று எழுதிவிடலாம், கணவர் எங்கே தேடப் போகிறார் என்பார்கள். சம்மதமில்லாத உறுதி வலுவற்றது. பணம் கொடுத்தவருக்கு உரித்துப் போகாது. பத்து வருடம் தடையின்றி ஆண்டு, ஆட்சியுரிமையைக் காட்டினால்தான் அவருக்கு ஓரளவு பாதுகாப்பு. அதுவரை அந்தக் காணியில் வீடு கட்டிய குடும்பம் உங்களால் தவிக்கும்.

கணவர் வெளிநாட்டில் இருப்பதால் யாழ்ப்பாண வதிவிடம் போய்விட்டது என்றும் வாதிடலாம். ஆனால் வேலைக்காகப் போய் இருப்பது மட்டும் போதாது, திரும்பாமல் நிரந்தரமாக அங்கேயே தங்கும் எண்ணம் தெளிவாக வேண்டும். ஒரு விற்பனையை இந்த வாதத்தில் நிறுத்துவது ஆபத்து. விவாகரத்து முடிவான கட்டளை வந்துவிட்டால் சம்மதம் தேவையில்லை. ஆனால் முதற் கட்டளைக்கும் இறுதிக் கட்டளைக்கும் இடையே மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். அந்த இடைவெளியில் விற்றால் பழைய சிக்கலே.

சம்மதத்தோடு இன்னொரு தடையையும் பாருங்கள். வடக்கில் காணி விற்கும்போது கூட்டுரிமையாளருக்கும், விற்பவர் மரணசாசனம் எழுதாமல் இறந்தால் வாரிசாக வருவோருக்கும் முதலில் வாங்கும் உரிமை உண்டு. 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கச் சட்டம் பக்கத்துக் காணிக்காரரை இதிலிருந்து விலக்கிவிட்டது. அதன்படி கொடுக்க வேண்டிய அறிவித்தலை நொத்தாரிசு மூலம் கொடுத்து, அதற்கான காலம் கழிந்த பிறகே உறுதி எழுதுங்கள்.

மீதி 2 பரப்பை மகளுக்கு வைத்திருக்கிறீர்கள் என்றால், இப்போது நன்கொடை எழுதவும் சம்மதம் வேண்டும். மரணசாசனத்துக்கு வேண்டாம், 6ஆம் பிரிவே அதற்கு விலக்குத் தருகிறது. அதை ஐந்து சாட்சிகள் முன்போ, நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் இருக்கும்போதோ இந்த வாரமே எழுதி வைக்கலாம்.