கடலில் கல் போட எதற்குப் படிப்பு?

அண்ணாச்சி, செயற்கைப் பார் பற்றிப் படிக்கப் போகிறேன் என்று உங்கள் மகள் சொன்னதும், "கடல்ல காங்கிரீட் கல்லப் போடுறதுக்கு எம்மவ நாலு வருசம் படிக்கணுமா?" என்று போனில் கோபமாகத்தான் கேட்டீர்கள். ஆனால் கேள்வி சரியான கேள்வி.

பார் என்றால் கடலடிப் பாறைத் திட்டு என்று தூத்துக்குடிக்காரரான உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். களவாவும் விளமீனும் பாரை ஒட்டித்தான் கிடக்கும். இல்லாத இடத்தில் அந்தப் பாரை நாமே செய்து இறக்குவதுதான் இந்த வேலை. கிணற்று உறை மாதிரி ஒன்று, பக்கமெல்லாம் ஓட்டை விட்ட முக்கோணம் ஒன்று என்று பல வடிவம் உண்டு. இறக்கியதும் முதலில் வழுவழுவென்று பாசி பிடிக்கும், அப்புறம் கொட்டலசும் சிப்பியும் ஒட்டும், அதைக் கொறிக்கச் சின்ன மீன் வரும், அதைத் தின்னப் பெரிய மீன் வரும். இழுவலை மாட்டினால் கிழிந்துவிடும் என்று விசைப்படகுகள் ஒதுங்கும், தூண்டில் போடுகிற நாட்டுப்படகுக்காரர் மீனைத் தேடி டீசலை எரிப்பதும் குறையும். உங்கள் ஊருக்கு எதிரே வான் தீவைச் சுற்றிப் போட்டது மீனுக்காக மட்டுமில்லை, அலையின் வேகத்தைக் குறைத்துத் தீவு கரையாமல் காப்பதற்கும்தான்.

படிக்காமல் போட்டால் என்ன ஆகும்? 1970களில் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் சுமார் 20 லட்சம் பழைய டயர்களைக் கட்டி இறக்கினார்கள். கட்டு அறுந்து, டயர்கள் உருண்டு, பக்கத்தில் உயிரோடு இருந்த பவளப்பாறையையே சிதைத்தன. பல பத்தாண்டுகள் கழித்தும் அள்ளி முடியவில்லை.

"அங்கே மீன் பெருகுதா, இல்லை அக்கம்பக்கத்து மீன் வந்து கூடுதா?" என்று உங்கள் மகள் என்னிடம் கேட்டாள். விஞ்ஞானிகளே இன்னும் வாதாடுகிற கேள்வி அது. பன்னிரண்டாவது படிக்கிற பிள்ளை கேட்கிறாள், விடுங்கள் அண்ணாச்சி.

சரி, சோற்றுக்கு வழி? செயற்கைப் பாருக்கென்று தனிப் பட்டம் கிடையாது. பி.எஃப்.எஸ்சி. என்கிற மீன்வளப் பட்டம் படிக்கட்டும், நான்கு வருடம், தூத்துக்குடியிலேயே அரசு மீன்வளக் கல்லூரி இருக்கிறது, நீட் தேவையில்லை, பன்னிரண்டாவது மதிப்பெண்தான். அதை முடித்தால் மீன்துறை ஆய்வாளர் வேலைக்கும் எழுதலாம், வங்கிகளின் விவசாய அலுவலர் தேர்வுக்கும் எழுதலாம். ஆராய்ச்சிதான் வேண்டும் என்றால் மேலே எம்.எஃப்.எஸ்சி. ஒளிக்காமல் சொல்கிறேன், பார் ஆராய்ச்சியில் நிரந்தர வேலை குறைவு, திட்டம் முடிந்தால் வேலையும் முடிகிற ஒப்பந்தப் பணிதான் அதிகம். அதனால்தான் அந்த வங்கித் தேர்வையும் சேர்த்துச் சொன்னேன். 'மெரைன்' என்று போர்டு வைத்த இடத்திலெல்லாம் பணம் கட்டிவிடாதீர்கள், பாதி கப்பல் வேலைப் படிப்பு, அது வேறு.

பெண் பிள்ளை படகில் போவாளா என்றும் இழுத்தீர்கள். போவாள், முக்குளிக்கவும் செய்வாள். முதலில் அவளுக்கு நீச்சல் தெரியுமா என்று கேட்டுச் சொல்லுங்கள்.