ப்ளூஸ் வாசிக்க எந்தப் பிக்கப்? டர்பன் வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி (சாட்ஸ்வொர்த்): ஃபெண்டர் நிறுவனத்தின் ஸ்ட்ராட் வடிவத்தில் மலிவான கிட்டார் ஒன்று வைத்திருக்கிறேன். ப்ளூஸ் வாசித்தால் காதைக் கிழிக்கிறது. கடையில் 10 கிலோ ஓம் "ஹாட்" பிக்கப் செட் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்கள்; "ஹாட்" என்றால் சத்தம் கூடியது) போட்டால் சரியாகிவிடும் என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: இப்போது வாங்காதீர்கள். முதலில் கம்பிகளைத் தளர்த்தி, வெள்ளைத் தகட்டின் திருகுகளைக் கழற்றி, பிக்கப்பைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள். ஆறு முனைகளுக்கும் கீழே கருஞ்சாம்பல் நிறத்தில் ஒரு பட்டையோ இரண்டு பட்டைகளோ ஒட்டியிருந்தால் அது செராமிக் காந்தம். மேலே தெரியும் முனைகள் வெறும் இரும்பு. பட்டையே இல்லாமல் ஆறு உருளைகள் மட்டும் அடிவரை வந்திருந்தால், அந்த உருளைகளே அல்னிகோ (அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த உலோகம்) காந்தங்கள். செராமிக் கெட்டது என்று சொல்லவில்லை. ஆனால் மலிவுக் கிட்டார்களில் அது பெரும்பாலும் முரட்டுத்தனமாகவே ஒலிக்கும். காது கிழிவதற்குப் பாதிக் காரணம் அதுவாக இருக்கலாம்.

மீதிப் பாதி உயரம். இதற்குக் காசே வேண்டாம். முதல் கம்பியையும் ஆறாவது கம்பியையும் கடைசிக் கட்டையில் (ஃப்ரெட்) அழுத்திக்கொண்டு, கம்பியின் அடிக்கும் காந்த முனையின் தலைக்கும் உள்ள இடைவெளியை இரும்பு ஸ்கேலால் அளந்து பாருங்கள். சாதாரண ஸ்ட்ராட் பிக்கப்புக்கு தடித்த கம்பிப் பக்கம் 2 மி.மீ., மெல்லிய கம்பிப் பக்கம் 1.6 மி.மீ. என்பது ஃபெண்டர் தரும் தொடக்க அளவு. அல்னிகோ 5 உருளை என்றால் கழுத்துப் பக்கப் பிக்கப்பை இன்னும் ஒரு மில்லிமீட்டர் இறக்கிக் கேளுங்கள். காந்தம் கம்பிக்கு மிக அருகில் இருந்தால் கம்பியைப் பிடித்து இழுக்கும். ஆறாவது கம்பியில் 12ஆம் கட்டைக்கு மேல் ஒரு சுரத்துக்குப் பதில் இரண்டு சுரம் சேர்ந்து ஊளையிடுவதுபோல் கேட்டால் காரணம் அதுதான். எவ்வளவு சுருதி சேர்த்தாலும் அது போகாது. திருகை அரைச் சுற்று, அரைச் சுற்றாக இறக்கி, ஒவ்வொரு முறையும் வாசித்துப் பாருங்கள்.

இத்தனையும் செய்த பிறகும் மாற்றத்தான் வேண்டும் என்றால் 10 கிலோ ஓம் என்ற எண்ணில் மயங்காதீர்கள். சுருளை மெல்லிய செம்புக் கம்பியில் சுற்றினால் அதே எண்ணிக்கைச் சுற்றுக்கே ஓம் ஏறிவிடும். ஒலியைத் தீர்மானிப்பதில் பெரிய பங்கு இண்டக்டன்ஸுக்கு (சுருளின் மின்தூண்டல்). பழைய பாணி ஸ்ட்ராட் பிக்கப்பில் அது 2 முதல் 2.5 ஹென்ரி, கிப்சன் பாணி ஹம்பக்கரில் (ஹம் என்னும் இரைச்சலை அடக்கும் இரட்டைச் சுருள் பிக்கப்) 4 முதல் 5 ஹென்ரி. சுற்று கூடக்கூட சத்தமும் நடு ஒலியும் ஏறும், மேல் ஒலி மங்கும். இதைவிட முக்கியமானது ஒன்று: ப்ளூஸில் விரல்தான் பேச வேண்டும். மெல்லத் தொட்டால் தெளிவாகவும், அழுத்தித் தட்டினால் ஆம்ப் (ஒலிபெருக்கி) லேசாக உடைந்தும் ஒலிக்க வேண்டும். சூடான பிக்கப் ஆம்ப்பை எந்நேரமும் தள்ளிக்கொண்டே இருந்தால் அந்த வித்தியாசம் மறைந்துபோகும்.

ஆகவே அல்னிகோ 5 உருளை கொண்டதாக, கழுத்துக்கும் நடுவுக்கும் 5.8 முதல் 6.2, பிரிட்ஜுக்கு 6.3 முதல் 6.8 கிலோ ஓம் உள்ள செட்டைக் கேளுங்கள். நடுப் பிக்கப் எதிர்ச்சுற்று, எதிர்க்காந்தம் உள்ளதா என்று கேட்கத் தவறாதீர்கள். அப்போதுதான் சுவிட்சின் 2ஆம், 4ஆம் இடங்களில் (இரண்டு பிக்கப் சேர்ந்து ஒலிக்கும் இடங்கள்) ஹம் அடங்கும். முதல் முனையின் நடுவிலிருந்து ஆறாவது முனையின் நடு வரை அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். ஆசிய நகல் கிட்டார்களில் இந்த அகலம் 52 மி.மீ.க்குக் குறைவாகவும் வரும், அப்படியானால் பழைய மூடி புதுப் பிக்கப்பில் ஏறாது.

உள்ளே ஒரு வயர் மாற்றத்தையும் சேர்த்துச் செய்துவிடுங்கள். வழக்கமான ஸ்ட்ராட் இணைப்பில் பிரிட்ஜ் பிக்கப்புக்கு டோன் குமிழே கிடையாது. சுவிட்சில் நடுப் பிக்கப்பின் டோன் இணையும் காலிலிருந்து பக்கத்திலுள்ள பிரிட்ஜ் காலுக்கு ஒரு சிறு கம்பியைச் சால்டர் செய்தால் அதற்கும் டோன் கிடைக்கும். காது கிழிகிற பலருக்கு இது ஒன்றே போதும்.

"ப்ளூஸ் பிக்கப்" என்று தனியாக ஒன்றும் கிடையாது. பி.பி. கிங் ஹம்பக்கர் போட்ட கிப்சனில் வாசித்தார். பட்டி கை ஸ்ட்ராட்டில் வாசிக்கிறார். டி-போன் வாக்கர் பி-90 என்ற ஒற்றைச் சுருள் பிக்கப்பில் வாசித்தார். ஸ்டீவி ரே வானின் தடிமனான ஒலிக்கு அவர் போட்ட .013 அங்குலக் கம்பிகளும் (முதல் கம்பியின் தடிமன்) ஒரு பெரிய காரணம். புதுப் பிக்கப்புக்குக் கொடுக்கும் காசில் பல செட் கம்பி வாங்கலாம். .009 போட்டிருப்பவர் முதலில் .010 அல்லது .011 போட்டுக் கேட்பது நல்லது.

கேள்வி (டோங்காட்): டோன் கெப்பாசிட்டர் (டோன் குமிழைத் திருகும்போது மேல் ஒலியை வடிக்கும் உறுப்பு) 0.022 போடுவதா, 0.047 போடுவதா? "எண்ணெய்த்தாள்" கெப்பாசிட்டர் போட்டால் பழைய கிட்டார் ஒலி வரும் என்று பல மடங்கு விலை சொல்கிறார்கள்.

பதில்: விலைக்குப் பின்னால் போகாதீர்கள். ஒரே மதிப்பு என்று மீட்டரில் அளந்து உறுதிசெய்த இரண்டு கெப்பாசிட்டர்களைக் கிட்டாரில் மாற்றிப் போட்டால், தாளா ஃபிலிமா என்பது காதுக்குப் பிடிபடும் அளவில் மாறாது. கிட்டாரிலிருந்து வரும் மின்னழுத்தம் மிகச் சிறியது, 50 வோல்ட் தாங்கும் ஃபிலிம் கெப்பாசிட்டரே தாராளம். சாதாரண எலக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைப்பதை வாங்குங்கள். மேலே 223 என்று இருந்தால் 0.022 மைக்ரோஃபாரட், 473 என்றால் 0.047, 103 என்றால் 0.01.

மதிப்புதான் முக்கியம். அதுவும் குமிழை அடியோடு திருகும்போதுதான் தெரியும். 10இல் வைத்து வாசிக்கும்போது கெப்பாசிட்டர் ஏறக்குறைய பேசுவதே இல்லை, டோன் பாட்டின் (குமிழின் அடியிலுள்ள மாறும் தடை) ஓம் மதிப்புதான் பேசும். குமிழை 0க்குக் கொண்டுவந்தால் பிக்கப்பின் இண்டக்டன்ஸும் கெப்பாசிட்டரும் சேர்ந்து ஒலியின் உச்சத்தைக் கீழே இழுக்கும். 2.4 ஹென்ரி ஸ்ட்ராட் பிக்கப்பில் 0.022 போட்டால் அந்த உச்சம் 690 ஹெர்ட்ஸ் அளவில் நிற்கும், 0.047 போட்டால் 470இல், 0.01 போட்டால் 1,000ஐ ஒட்டி. 4.5 ஹென்ரி ஹம்பக்கரில் 0.022 போட்டாலே 500க்கு இறங்கிவிடும். ஹம்பக்கருக்கு 0.022, ஒற்றைச் சுருளுக்கு 0.047 என்று வழக்கமாகச் சொல்வதன் கணக்கு இதுதான். ஆனால் 0.047 அடியில் கம்பளி போர்த்தியதுபோல் அடைத்துவிடும். ப்ளூஸுக்கு ஒற்றைச் சுருளில் 0.022, ஹம்பக்கரில் 0.015 அல்லது 0.01 போட்டால் குமிழ் முழுத் தூரமும் பயன்படும் என்பது எங்கள் கருத்து. பழைய கெப்பாசிட்டரை எடுத்துவிட்டு, அதன் இரண்டு இடங்களிலிருந்தும் நீளக் கம்பி வெளியே இழுத்து, முனையில் முதலைக் கிளிப் போட்டு, நாலைந்து மதிப்புகளைக் கவ்விக் கேட்டுவிட்டு, பிடித்ததைச் சால்டர் செய்யுங்கள்.

பாட் மதிப்பையும் பாருங்கள். ஒற்றைச் சுருளுக்கு 250, ஹம்பக்கருக்கு 500 கிலோ ஓம். 20 சதவீதம் ஏறுக்குமாறாக வருவது சகஜம், 250 என்று அச்சிட்டது 200 ஆகவும் இருக்கும், 300 ஆகவும் இருக்கும். கடையிலேயே மீட்டர் வைத்து அளந்து வாங்குவது நல்லது.

கேள்வி (ஃபீனிக்ஸ்): ஹம்பக்கர் போட்ட லெஸ் பால் வகைக் கிட்டார். வால்யூமை 6க்குக் குறைத்தால் சத்தத்தோடு தெளிவும் போய்விடுகிறது. என்ன மாட்டுவது?

பதில்: வால்யூமைக் குறைத்து ஆம்ப்பைத் தெளிய வைப்பது ப்ளூஸின் உயிர்நாடி. அதனால் இதைச் சரிசெய்தே ஆக வேண்டும். குறைக்கும்போது பாட்டின் தடை பிக்கப்புக்கும் கேபிளுக்கும் நடுவில் வந்து உட்காருகிறது. கேபிளின் கெப்பாசிட்டன்ஸ், மீட்டருக்குச் சுமார் 100 பிக்கோஃபாரட், மேல் ஒலியைக் குடித்துவிடுகிறது. 6 மீட்டர் கேபிளுக்குப் பதில் 3 மீட்டர் போட்டாலே கொஞ்சம் மீளும்.

காசில்லாத வழி 1950களின் இணைப்பு முறை. இன்றைய கிட்டார்களில் டோன் பகுதிக்குப் போகும் கம்பி, பிக்கப் வந்து சேரும் வால்யூம் பாட்டின் ஓரக் காலில் இருக்கும். அதைக் கழற்றி நடுக் காலில், அதாவது வெளியே போகும் காலில், சால்டர் செய்யுங்கள். வேலை அவ்வளவுதான். வால்யூம் இறங்கினாலும் தெளிவு நிற்கும். ஒரு பக்க விளைவு உண்டு, வால்யூம் குறைவாக இருக்கும்போது டோனைத் திருகினால் சத்தமும் சற்று இறங்கும்.

இன்னொரு வழி ட்ரெபிள் பிளீட், அதாவது மேல் ஒலிக்கு ஒரு குறுக்கு வழி. 680 பிக்கோஃபாரட் கெப்பாசிட்டரும் 150 கிலோ ஓம் ரெசிஸ்டரும் இணையாகச் சேர்த்து, வால்யூம் பாட்டின் உள்வரும் காலுக்கும் நடுக் காலுக்கும் இடையில் போட வேண்டும். ரெசிஸ்டர் இல்லாமல் கெப்பாசிட்டர் மட்டும் போட்டால் குறைந்த வால்யூமில் அடி ஒலி இல்லாமல் தகரம்போல் கேட்கும். பலர் தவறுவது இங்கேதான். இரண்டு வழியையும் ஒரே கிட்டாரில் சேர்க்காதீர்கள், மேல் ஒலி மிஞ்சிப்போகும்.

பாட்டின் முதுகில் சால்டர் ஒட்டவில்லை என்றால் குளிர்ந்த இணைப்பாகி, நாளை கொரகொரவென்று சத்தம் வரும். முதுகை உப்புத்தாளால் தேய்த்து, 40 வாட் சால்டர் அயர்னை முதலில் உலோகத்தில் வைத்துச் சூடாக்கி, பிறகு ரோசின் உள்ள சால்டரைத் தொடுங்கள். குழாய் வேலைக்கான ஆசிட் ஃப்ளக்ஸ் அருகில்கூட வரக் கூடாது, சில மாதங்களில் இணைப்பை அரித்துவிடும்.

கேள்வி (மெரிபேங்க்): லோட் ஷெடிங் நேரத்தில் இன்வெர்ட்டரில் வாசித்தால் ஹம் பலமடங்கு ஏறுகிறது. கிட்டாரில் கோளாறா?

பதில்: பெரும்பாலும் இன்வெர்ட்டரில்தான். மலிவு இன்வெர்ட்டர்கள் படிக்கட்டுபோன்ற அலையைத் தருகின்றன. அதிலிருந்து எழும் மேல் அதிர்வுகளை ஒற்றைச் சுருள் பிக்கப் அப்படியே பிடித்துக்கொள்ளும். சுத்தமான சைன் அலை இன்வெர்ட்டர் என்றால் நம் சாதாரண 50 ஹெர்ட்ஸ் ஹம்மோடு நிற்கும். ஆம்ப்பிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி நின்று, மெல்லச் சுற்றித் திரும்பிப் பாருங்கள். ஒரு திசையில் ஹம் அடங்கினால் அது காற்றில் வருவது. விளக்கின் டிம்மரை அணைத்துவிட்டும் கேளுங்கள்.

கிட்டாரில் பிக்கப் இருக்கும் குழிக்குள் செம்பு நாடா ஒட்டி, துண்டுகளுக்கிடையில் சால்டர் பொட்டு வைத்து, எர்த்துடன் இணைத்தால் "ஸ்ஸ்" என்ற கரகரப்பு குறையும். ஆனால் 50 ஹெர்ட்ஸ் ஹம் காந்தப் புலத்தால் வருவதால் செம்பு அதைத் தடுக்காது. அதற்கு 2ஆம், 4ஆம் இடங்களோ, ஹம்பக்கரோதான் மருந்து. கிட்டார் கம்பியைத் தொட்டால் ஹம் குறைவது இயல்பு. தொட்டால் ஏறினால் பிரிட்ஜுக்குப் போகும் எர்த் கம்பி விட்டுப்போயிருக்கிறதா என்று பாருங்கள்.

ஹம்மைக் குறைக்கிறேன் என்று ஆம்ப் பிளக்கின் எர்த் முனையை மட்டும் எந்நாளும் எடுத்துவிடாதீர்கள். உங்கள் கை தொடும் கம்பிகள் அந்த எர்த்தோடு இணைந்தவை. ஆம்ப்பில் கசிவு ஏற்பட்டால் மின்சாரம் உங்கள் வழியாகத்தான் போகும்.

கேள்வி (ஐசிபிங்கோ): கழுத்துக்கு ஒரு கம்பெனி, நடுவுக்கு வேறு கம்பெனி பிக்கப் போட்டேன். தனித்தனியாக நன்றாக இருக்கிறது. சேர்த்தால் ஒலி ஒல்லியாகி மூக்கால் பாடுகிறது.

பதில்: இரண்டும் எதிர் ஃபேஸில் உள்ளன, அதாவது ஒன்றின் அலை ஏறும்போது மற்றதன் அலை இறங்கி ஒன்றையொன்று அழிக்கின்றன. மல்டிமீட்டரை 20 கிலோ ஓமில் வைத்து, சிவப்பை உயிர்க் கம்பியிலும் கறுப்பை எர்த் கம்பியிலும் பிடித்து, காந்த முனைகள்மேல் ஸ்க்ரூடிரைவரைப் படிய வைத்துச் சட்டென்று தூக்குங்கள். எண் ஒரு கணம் ஏறும் அல்லது இறங்கும். இரண்டு பிக்கப்பிலும் ஒரே திசையில் போக வேண்டும். இல்லையென்றால் ஒன்றின் இரண்டு கம்பிகளையும் இடம் மாற்றுங்கள். உலோக மூடி உள்ள பிக்கப் என்றால், மூடிக்குப் போகும் எர்த்தை முதலில் பிரித்துத் தனிக் கம்பியாக்க வேண்டும். ப்ளூஸ் கிட்டார் கலைஞர் பீட்டர் கிரீனின் லெஸ் பாலில் நடு இடத்தில் வரும் அந்தக் குடைந்த ஒலி இதே எதிர் ஃபேஸில் பிறந்ததுதான். உங்களுக்கு அது பிடித்திருந்தால் அப்படியே விடலாம்.

கேள்வி (ஃபீனிக்ஸ்): இணையத்தில் வாங்கிய பிக்கப்பில் ஒன்று பேசவே இல்லை. திருப்பிக் கொடுக்க முடியுமா?

பதில்: முடியும், ஆனால் நீங்கள் அதற்குள் என்ன செய்தீர்கள் என்பதைப் பொறுத்தது. தென்னாப்பிரிக்காவின் 2008ஆம் ஆண்டு 68ஆம் எண் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளை ஆறு மாதத்துக்குள் கடைக்காரர் செலவிலேயே திருப்பலாம். பழுதுபார்ப்பதா, மாற்றித் தருவதா, பணமா என்று தேர்ந்தெடுப்பது நீங்கள், கடை அல்ல. பழுதுபார்த்துத் தந்தது மூன்று மாதத்துக்குள் மீண்டும் பழுதானால் அவர்கள் மாற்றியோ பணமாகவோ தர வேண்டும். ஆனால் வாங்கிய பின் மாற்றியமைத்த பொருளுக்கு இந்த உத்தரவாதம் பொருந்தாமல் போகலாம். கம்பியை வெட்டிவிட்டீர்கள் என்றால் கடைக்காரர் பிடித்துக்கொள்வது அதைத்தான்.

குறையே இல்லை, ஒலி பிடிக்கவில்லை என்றாலும், இணையத்தில் வாங்கியதை கையில் கிடைத்த ஏழு நாளுக்குள் ரத்து செய்ய 2002ஆம் ஆண்டின் மின்னணுப் பரிவர்த்தனைச் சட்டம் இடம் தருகிறது. திருப்பி அனுப்பும் செலவு உங்களுடையது, பணம் 30 நாளுக்குள் வர வேண்டும். நீங்கள் சொன்ன அளவில் தனியாகச் சுற்றித் தந்த பிக்கப்புக்கு இந்த ஏழு நாள் உரிமை இல்லை. தனி ஆளிடம் பழையதை "ஃபுட்ஸ்டூட்ஸ்" (உள்ளது உள்ளபடி) என்று வாங்கினால் நுகர்வோர் சட்டம் துணைக்கு வராது, அங்கேயே மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

எனவே பெட்டி வந்ததும் சால்டர் அயர்னை எடுக்கும் முன் மீட்டரை எடுங்கள். இரண்டு கம்பிகளையும் தொட்டு எண்ணைப் போட்டோ எடுத்துவையுங்கள். எண்ணே வராமல் திறந்த சுற்று என்று காட்டினால் சுருள் அறுந்திருக்கிறது. அது 0.06 மி.மீ. கம்பி, தலைமுடி அளவு மெல்லியது, பெரும்பாலும் வெளிக் கம்பியோடு சேரும் இடத்தில்தான் அறும். எண் சற்று கூடுதலாக வந்தால் பதறாதீர்கள். செம்பின் தடை வெயிலில் ஏறும்: 20 டிகிரியில் 6.0 காட்டுவது டர்பனின் 30 டிகிரி மதியத்தில் 6.24 காட்டும். கிட்டாரில் மாட்டிய பிறகு ஜாக் வழியாக அளந்தாலோ, 250 பாட் குறுக்கே இருப்பதால் அதே 6.0 சற்றுக் குறைந்து 5.86 ஆகத் தெரியும். எண் சரியாக இருந்தால், கம்பியை வெட்டாமல், முதலைக் கிளிப் வழியாக ஜாக்கில் கவ்வி, ஆம்ப்பில் போட்டு, பிக்கப்பின் முனைகளை ஸ்க்ரூடிரைவரால் தட்டிக் கேளுங்கள். டொக் டொக் என்று கேட்டால் மாட்டலாம்.