சூரியனில் ஃபிலமென்ட் (மேற்பரப்புக்கு மேல் மிதக்கும் வாயுக் கீற்று) வெடித்துக் கிளம்பினால் கூடவே ஃப்ளேரும் (திடீரென ஒளியும் எக்ஸ்-கதிரும் பீறிடுவது) வந்தே ஆக வேண்டுமா?

கட்டாயம் இல்லை. பல சமயம் வரும், சில சமயம் பேருக்கு வரும்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் மொட்டைமாடியில் எச்-ஆல்ஃபா ஃபில்டர் (ஹைட்ரஜனின் சிவப்பு ஒளியை மட்டும் விடுவது) போட்ட சின்ன டெலஸ்கோப் வைத்திருக்கிறேன். (ஃபில்டர் இல்லாமல் பார்த்தால் கண் போய்விடும், விளையாட்டில்லை.) எட்டு மணிக்குள் பார்த்துவிட வேண்டும்; தளம் சூடேறினால் சூரியன் கானல்நீர் மாதிரி நெளிய ஆரம்பித்துவிடும். ஒரு சனிக்கிழமை சிவப்பு வட்டத்தின் மேல்பாதியில் புருவம் தீட்டியது போல ஒரு கறுப்புக் கீற்று. ஞாயிறு காலை காணோம். பக்கத்தில் கரும்புள்ளி ஒன்றுகூடக் கிடையாது. சூரியனின் எக்ஸ்-கதிரை அளக்கும் கோஸ் செயற்கைக்கோளின் எக்ஸ்-கதிர் வரைபடத்தைத் திறந்தால் அங்கேயும் சொல்லும்படி ஏற்றமில்லை.

அந்தக் கீற்றுதான் ஃபிலமென்ட். கொரோனாவில், அதாவது சூரியனின் வெளி வளிமண்டலத்தில், மிதக்கும் 'குளிர்ந்த' பிளாஸ்மா (மின்னேற்றம் பெற்ற வாயு). குளிர்ச்சியே சுமார் 10,000 டிகிரி, சுற்றியிருப்பதோ பத்து லட்சத்துக்கும் மேல். காந்தக் கோடுகள் தூளி மாதிரி தொய்ந்திருக்க, இது அதில் குழந்தை போலக் கிடக்கிறது. மேலே வளைந்து போகும் வேறு கோடுகள் தூளியை எழும்பவிடாமல் அமுக்கிப் பிடித்திருக்கும். பிடி தளர்ந்தால் எல்லாம் சேர்ந்து மேலே கிளம்பும். அப்போது அடியில் எதிரெதிர் திசைக் கோடுகள் நெருங்கி, அறுந்து, வேறு விதமாக இணையும். அங்கே விடுபடும் ஆற்றல்தான் ஃப்ளேர். ஆக, ஃபிலமென்ட் 'எரிந்து' ஃப்ளேர் வருவதில்லை. இரண்டையும் கிளப்புவது ஒரே காந்தக் குலைவு.

அப்புறம் என் ஞாயிற்றுக்கிழமை ஏன் சப்பென்று போனது? கரும்புள்ளிக் கூட்டத்தில் காந்தப் புலம் இறுக்கமானது. அங்கே வெடித்தால் எம், எக்ஸ் வகுப்பு ஃப்ளேர்கள்கூட வரலாம் (சி சின்னது, எம் நடுத்தரம், எக்ஸ் மிகப் பெரியது). கரும்புள்ளி இல்லாத இடத்தில் புலம் பலவீனம். லட்சக்கணக்கான கிலோமீட்டர் நீளமுள்ள ஃபிலமென்ட் கிளம்பினாலும் ஃப்ளேர் மங்கலாகவே இருக்கும். அப்படி வருவதை ஹைடர் ஃப்ளேர் என்பார்கள். 2013 செப்டம்பர் 29 அன்று ஒரு பிரம்மாண்ட ஃபிலமென்ட் கிளம்பியது. ஃப்ளேர் வெறும் சி வகுப்பு. அதற்காக ஃப்ளேரை மட்டும் பார்த்து அலட்சியமாக இருக்கவும் முடியாது. 2012 ஆகஸ்ட் 31-இல் வந்ததும் சி வகுப்புதான், ஆனால் பிளாஸ்மா நொடிக்கு 1,400 கி.மீ.க்கு மேல் வேகத்தில் பறந்து, செப்டம்பர் 3 இரவு பூமியில் துருவ ஒளியைக் காட்டியது.

தலைகீழாகவும் நடக்கும். 2014 அக்டோபரில் 12192 என்ற எண் கொண்ட ராட்சதக் கரும்புள்ளிக் கூட்டம் ஆறு எக்ஸ் வகுப்பு ஃப்ளேர்களை வீசியது. ஆனால் அவற்றோடு பொருள் ஏதும் வெளியே பறக்கவில்லை. மேலே அமுக்கிய கோடுகள் அவ்வளவு பலம்.

சரி, என் கீற்றுக்கு வருகிறேன். புதன்கிழமை அதே இடத்தில், சூரியச் சுழற்சியில் நன்றாக மேற்கே தள்ளி, மெல்லிசாக மறுபடி தெரிந்தது. தூளி அங்கேயேதான் கட்டியிருந்தது போல.