முடியவில்லையா, மனமில்லையா: சோதனை உண்டா?

கேள்வி: என் தம்பி பல வருடமாகக் குடிக்கிறான். கேட்டால், "என் கையில இல்லை" என்கிறான். ஆனால் அப்பா வீட்டில் இருக்கும் நாட்களில் அளவோடு நிறுத்திக்கொள்கிறான். நிஜமாகவே முடியவில்லையா, நடிக்கிறானா? கண்டுபிடிக்கச் சோதனை உண்டா?

பதில்: இல்லை. இவருக்குச் சுய விருப்பம் இவ்வளவு மிச்சம் என்று எந்த ஸ்கேனும் சொல்லாது. அதன் சில துண்டுகளைத்தான் அளக்கிறோம். "இன்றே சிறு தொகையா, சில வாரம் பொறுத்துப் பெரிய தொகையா?" என்று 27 விதமாகக் கேட்டு, பொறுத்திருக்க முடிகிறதா என்று பார்க்கும் ஒரு கேள்வித்தாள் 1999 முதல் புழக்கத்தில் இருக்கிறது. அழுத்தப் போன பொத்தானிலிருந்து கடைசி நொடியில் கையை இழுத்துக்கொள்ள முடிகிறதா என்று பார்க்கும் கணினிச் சோதனையும் உண்டு. போதைக்கு அடிமையானவர்கள் இவற்றில் சராசரியாகப் பின்தங்குகிறார்கள். சராசரியாகத்தான்! நன்றாகச் செய்பவர்களும் அவர்களில் உண்டு. தனி ஒருவரை இதை வைத்து எடைபோட முடியாது.

அப்பா முன்னால் அடங்குவது நடிப்புக்கு அத்தாட்சி அல்ல. வியட்நாமில் இருந்த அமெரிக்கப் படைவீரர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் ஹெராயினுக்கு அடிமையாகியிருந்தார். ஊர் திரும்பிய முதல் வருடத்தில் அவர்களில் மறுபடி அடிமையானவர்கள் சுமார் 5 சதவீதம்தான் என்று அமெரிக்க ஆய்வாளர் லீ ராபின்ஸ் 1970களில் கண்டார். சூழல் மாறினால் கட்டுப்பாடும் கூடும், குறையும். ஆகவே தம்பி சொல்வதும் பொய்யில்லை, நீங்கள் பார்ப்பதும் பொய்யில்லை. எந்த நேரத்தில், யாரோடு இருக்கும்போது பிடி நழுவுகிறது என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

அதற்கு ஒரு நோட்டுப் போதும். தினமும் முதல் மடக்குக்கு முன், எவ்வளவோடு நிறுத்தப் போகிறேன் என்று தம்பியே எழுதட்டும். உண்மையில் எவ்வளவு ஆனது, கூட யார் இருந்தார்கள் என்பதை மறுநாள் காலையில் எழுதட்டும். (நீங்கள் எழுதினால் அது போலீஸ் வேலை ஆகிவிடும்.) நினைத்ததைவிட அதிகமாகக் குடிப்பது, குறைக்க முயன்று தோற்பது இரண்டுமே 2013இல் வந்த டி.எஸ்.எம்-5 என்ற மனநல மருத்துவக் கையேடு குடிநோயைக் கண்டறியத் தரும் 11 அளவுகோல்களில் இருக்கின்றன. இரண்டு வாரக் குறிப்போடு மனநல மருத்துவரைப் பாருங்கள். எந்தச் சோதனைத்தாளையும்விட அவருக்கு அது உதவும்.

அப்புறம், "முடிந்தால் நாளைக்கே நிறுத்திக் காட்டு" என்று மட்டும் பந்தயம் கட்டாதீர்கள். தினமும் நிறையக் குடிப்பவர் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். காலையில் கை நடுங்குகிறது, வியர்க்கிறது என்றால் இரண்டு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம்.